ஆறு மாதம் சேலம், ஆறு மாதம் கரீபியன்

ஆண்டில் சில மாதங்களைக் கரீபியன் தீவொன்றிலும் மீதியைச் சொந்த ஊரிலும் கழிப்பது சுற்றுலாவும் அல்ல, குடியேற்றமும் அல்ல. சுற்றுலா போகிறவர் அங்கே வாடகை ஒப்பந்தம் போடுவதில்லை, மின் கட்டணம் கட்டுவதில்லை. குடியேறிவிட்டவருக்கு வரி, வாக்கு, வைத்தியம் எல்லாம் ஒரே நாட்டில் அடங்கிவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் வாழ்பவருக்கு இரு இடத்துப் பொறுப்புகளும் பாதியாகக் குறைவதில்லை. இரண்டும் முழுதாக வந்து சேர்கின்றன. இந்த வாழ்க்கையை அணுகுபவர் முதலில் உணர வேண்டியது இதுதான்.

தமிழ்நாட்டிலிருந்து இப்படிப் போய் வருபவர்களைச் சில வகையாகப் பிரிக்கலாம். தீவுகளின் மருத்துவக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் பேராசிரியர்கள் ஒரு வகை. அங்கே வேலை பார்க்கும் மகன் அல்லது மகளின் வீட்டுக்குப் பேறுகாலத்துக்கும் பேரப்பிள்ளை வளர்க்கவும் போய்த் தங்கும் பெற்றோர் இன்னொரு வகை. எங்கிருந்தாலும் கணினி வழியே வேலை செய்யக்கூடிய ஐ.டி. ஊழியர்களும், தொழிலில் பங்கு வைத்திருப்பவர்களும் உண்டு. சேலத்துக்கு வடக்கே, ஏற்காடு மலையடிவாரப் பக்கம் உள்ள கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊரில் வீடும் கொஞ்சம் காடும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, தீவில் என்ன கிடைக்கும் என்ற கேள்வியைவிட, தீவுக்குப் போனால் ஊரில் இருப்பது என்ன ஆகும் என்ற கேள்வி பெரியது. இரண்டுக்கும் விடை வைத்துக்கொண்டு கிளம்புவதே முறை.

பழைய வழி

தமிழர்களுக்கு இந்தத் தீவுகள் புதியவை அல்ல. அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சு, பிரிட்டிஷ் அரசுகள் இந்தியாவை நாடின. 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் தமிழ்க் கூலியாட்களுடன் மார்த்தினிக் தீவை அடைந்தது. 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்கு ஆட்களைக் கொண்டுசேர்த்தது. பெரும்பாலும் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியே அடுத்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் இந்தியாவிலிருந்து போனார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'திருவிதாங்கூர்' என்ற கப்பல் 1861 ஜூன் 1 அன்று செயின்ட் வின்சென்ட் தீவில் ஆட்களை இறக்கியது. 1845 மே 30 முதல் இந்தியர்கள் வந்திறங்கிய டிரினிடாடில் வட இந்தியர்களே அதிகம். ஆனாலும் சென்னைத் துறைமுகம் வழியே வந்தவர்கள் 'மதராசிகள்' என்ற பெயரில் தனிக் குழுவாக நிலைத்தார்கள்.

அந்த ஒப்பந்தமும் ஒரு வகையில் தற்காலிக வாழ்க்கைக்கான ஒப்பந்தம்தான். ஐந்து ஆண்டு வேலை, பிறகு விதித்த நிபந்தனைகள் முடிந்ததும் ஊர் திரும்பக் கப்பல் இடம் என்பது வாக்குறுதி. பெரும்பாலோர் திரும்பவில்லை. நோயிலும் கடும் உழைப்பிலும் பலர் தோட்டங்களிலேயே இறந்தார்கள். உயிர் தப்பியவர்களுக்கும் சட்ட நிலை தெளிவாக இல்லை. குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடிமக்களின் உரிமை கேட்டு ஹென்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923இல்தான் வெற்றி கண்டது. திரும்பும் வழி உறுதியாக இல்லாமல், எந்த நாட்டின் சட்டம் தம்மைக் காக்கும் என்று தெரியாமல் கடல் தாண்டியவர்கள் பட்ட துன்பத்தை அந்த வரலாறு காட்டுகிறது. விமானத்தில் போகும் இன்றைய பயணிக்கும் அந்த இரண்டு கேள்விகள் மாறவில்லை.

குவாதலூப்பில் இன்றும் மாரியம்மன், மதுரைவீரன் வழிபாடு நடக்கிறது. காப்பெஸ்தேர் பகுதியின் சாங்கி கோயில் அந்தத் தீவின் அடையாளங்களில் ஒன்று. ஆனால் பேச்சு வழக்கில் தமிழ் எப்போதோ மறைந்துவிட்டது. தமிழ்ப் பெயர் தாங்கியவர்களைச் சந்திக்கலாம். தமிழில் பேசி வீடு பிடிக்கலாம் என்று எதிர்பார்க்க முடியாது. முன்னாள் பிரிட்டிஷ் தீவுகளில் ஆங்கிலமும், பிரெஞ்சுத் தீவுகளில் பிரெஞ்சும் கிரியோலும்தான் அன்றாட மொழிகள்.

எந்தத் தீவு, எத்தனை நாள்

கரீபியன் ஒரு நாடு அல்ல. பார்படோஸ், டிரினிடாட் டொபேகோ, ஜமைக்கா, கிரெனடா, செயின்ட் லூசியா, டொமினிக்கா முதலியவை தனித்தனிச் சுதந்திர நாடுகள். குவாதலூப்பும் மார்த்தினிக்கும் 1946 முதல் பிரான்சின் மாவட்டங்கள். புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவுடையது. இவை தவிர பிரிட்டனுக்கும் நெதர்லாந்துக்கும் உரிய தீவுகளும் உண்டு. ஒரு தீவில் செல்லும் அனுமதி பக்கத்துத் தீவில் செல்லாது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களைப் பார்படோஸ், டிரினிடாட், டொமினிக்கா, கிரெனடா போன்ற நாடுகள் முன்கூட்டிய விசா இல்லாமல் அனுமதிக்கின்றன. பார்படோஸில் 90 நாள் வரை தங்கலாம். டொமினிக்காவில் ஆறு மாதம் வரை. இது உச்ச வரம்புதான். எத்தனை நாள் என்று முத்திரை குத்துவது விமான நிலையத்துக் குடிவரவு அதிகாரியின் முடிவு. திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று மூன்றையும் கையில் காகிதமாகவே வைத்திருப்பது நல்லது. விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் வாங்கும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விருந்தினராக நுழைந்தவர் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. அதற்குத் தனி வேலை அனுமதி தேவை. வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்காகப் பார்படோஸ் 2020 ஜூலையில் 'வெல்கம் ஸ்டாம்ப்' என்ற 12 மாத அனுமதியைத் தொடங்கியது. ஆண்டு வருமானம் 50,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும். கட்டணம் தனிநபருக்கு 2,000 டாலர், குடும்பத்துக்கு 3,000 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. சேலத்துச் சம்பளக் கணக்கில் இது எட்டாத தொகை. வெளிநாட்டுச் சம்பளம் வாங்குபவருக்கே பொருந்தும். சேலம் அலுவலகத்தின் நேரத்துக்கு அங்கிருந்து வேலை செய்ய நினைப்பவர் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். கிழக்குத் தீவுகள் இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. இங்கே காலை ஒன்பதரைக்குத் தொடங்கும் அலுவலகம் அங்கே நள்ளிரவில் தொடங்கும்.

பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் விசா மட்டும் போதாது. அந்த மாவட்டங்களுக்குச் செல்லும் என்று குறிப்பிட்ட பிரெஞ்சு விசா வேண்டும். இதில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தடையில்லை. பாண்டிச்சேரி, காரைக்காலில் 1962இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வாரிசுகள் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுடன் குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் உள்நாட்டவராகவே தங்கலாம், வேலையும் பார்க்கலாம்.

போய்ச் சேரும் வழி

இந்தியாவிலிருந்து கரீபியனுக்கு நேரடிப் பயணிகள் விமானச் சேவை இல்லை. சேலத்திலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், அங்கிருந்து லண்டன், நியூயார்க், மயாமி, டொராண்டோ என்று ஏதாவது ஒரு ஊரில் மாற வேண்டும். லண்டனிலிருந்து பார்படோஸுக்கே எட்டரை மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் ஒன்றரை நாள் பயணம்.

தீவு விசா கேட்காவிட்டாலும் வழியில் உள்ள நாடு கேட்கும். இந்தத் தடையில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூட இந்தியர்களுக்கு அமெரிக்க விசா கட்டாயம். பிரிட்டன் வழியே போகிறவருக்கு விமான நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும் இடைநிலைப் பயண விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா போன்றவை வைத்திருப்பவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஆண்டுதோறும் போய் வர நினைக்கும் குடும்பம் முதலில் பெற வேண்டியது பெரும்பாலும் பத்து ஆண்டு அமெரிக்க விசாதான். அதற்கான நேர்காணல் தேதிக்குக் காத்திருக்கும் காலத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தீவிலிருந்து தீவுக்குச் சிறிய விமானங்களே பறக்கின்றன. அவற்றில் பெட்டியின் எடை வரம்பு குறைவு. சென்னையில் இரண்டு பெட்டி ஏற்றியவர் கடைசிக் கட்டத்தில் ஒன்றை விட்டுவிட்டுப் போக நேரலாம். பயணம் முழுவதையும் ஒரே டிக்கெட்டாக வாங்கினால் இந்தச் சிக்கல் குறையும்.

புயல் காலம்

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 தொடங்கி நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் இறுதி முதல் அக்டோபர் வரை உச்சம். டிசம்பரிலிருந்து மே வரை வறண்ட, இதமான காலம். சேலம் சமவெளியில் ஏப்ரல், மே வெயில் கொளுத்தும்போது அங்கே கடற்காற்று வீசும். ஆடித் திருவிழா, ஆயுத பூஜை, தீபாவளி மூன்றும் புயல் பருவத்துக்குள் வருகின்றன. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரில் இருக்க விரும்புகிறவருக்கும் வானிலை சொல்லும் ஏற்பாடு அதுவேதான்: ஜூன் முதல் நவம்பர் வரை ஊர், டிசம்பர் முதல் மே வரை தீவு. பொங்கலை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

புயல் எவ்வளவு கடுமையானது என்பதைச் சில ஆண்டுகளே சொல்லும். 2004 செப்டம்பரில் 'ஐவன்' கிரெனடாவின் வீடுகளில் பத்தில் ஒன்பதைச் சேதப்படுத்தியது. 2017 செப்டம்பர் 18 அன்று 'மரியா' டொமினிக்காவைத் தாக்கியபோது ஏற்பட்ட இழப்பு அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. அங்கிருந்த ராஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பார்படோஸுக்கே இடம்பெயர்ந்தது. 2025 அக்டோபர் 28 அன்று 'மெலிஸா' மணிக்குச் சுமார் 295 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் ஜமைக்காவில் கரையேறியது. டிரினிடாட் தெற்கே ஒதுங்கியிருப்பதால் பெரும்பாலான புயல்கள் அதைத் தொடாமல் போகின்றன; கனமழையும் வெள்ளமும் அங்கும் உண்டு.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் நிகழ்வு 2024இல் நடந்தது. ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுன் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் டி20 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி, 'பெரில்' புயலால் விமான நிலையம் மூடப்பட்டதால் பார்படோஸிலேயே சிக்கிக்கொண்டது. தனி விமானம் அனுப்பி அழைத்துவந்த பிறகு ஜூலை 4 அன்றுதான் டெல்லி வந்து சேர்ந்தது. உலகக் கோப்பையை வென்ற அணிக்கே இந்த நிலை என்றால், சாதாரணக் குடும்பம் புயல் பருவத்தில் திரும்பும் தேதியை இறுக்கமாக வைக்கக் கூடாது. திருமணம், நிச்சயதார்த்தம், பத்திரப் பதிவு போன்றவற்றுக்கு ஒரு வாரம் முன்பே ஊரில் இருக்குமாறு டிக்கெட் போட வேண்டும்.

வீடு, கரண்ட், தண்ணீர்

முதல் ஆண்டிலேயே வீடு வாங்குவது சரியல்ல. ஒரு பருவம் வாடகைக்கு இருந்து பார்த்தால்தான் எந்தப் பகுதியில் தண்ணீர் நிற்கும், எந்தக் கடற்கரையில் கடல்பாசி வந்து குவியும் என்பது தெரியும். 2011 முதல் பல ஆண்டுகளில் 'சர்காசம்' என்ற பழுப்புப் பாசி கிழக்குக் கரைகளில் பெருமளவில் ஒதுங்கி அழுகி நாறுகிறது. அதிலிருந்து எழும் வாயு வீட்டுச் சாதனங்களைக்கூட அரித்துவிடும்.

வாங்குவதானால் செயின்ட் லூசியா, கிரெனடா, டொமினிக்கா போன்ற நாடுகளில் வெளிநாட்டவர் நில உரிம அனுமதி பெற வேண்டும். டிரினிடாடில் குடியிருப்புக்காக ஓர் ஏக்கர் வரை உரிமம் இல்லாமல் வாங்கலாம். கூரை சுவரோடு இரும்புப் பட்டைகளால் பிணைக்கப்பட்டிருக்கிறதா, சன்னல்களுக்குப் புயல் தடுப்புக் கதவு உண்டா என்பவை நிலத்தின் விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள். காப்பீடு உண்டென்றாலும் புயல் சேதத்தில் ஒரு பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும், ஈரம் பூஞ்சை பிடிக்கும், கறையான் மரத்தை அரிக்கும். வாரம் ஒருமுறை திறந்து பார்க்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் கட்டாயம்.

மின்சாரம் தீவுக்குத் தீவு மாறுகிறது. பார்படோஸ், டிரினிடாட், ஜமைக்காவில் 110 முதல் 115 வோல்ட். செயின்ட் லூசியா, கிரெனடா, டொமினிக்காவில் நம்மூர் போலச் சுமார் 230 வோல்ட். ஆனால் பிளக் மூன்று தட்டைக் காலுள்ள பிரிட்டிஷ் வகை. 230 வோல்ட் மிக்ஸியைப் பார்படோஸில் மாட்டினால் தேங்காய் அரைபடாது. மின்மாற்றி வைத்து ஓட்டலாம். அது மிக்ஸியின் திறனைவிட நன்கு அதிக வாட் தாங்க வேண்டும். கிரைண்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. டிரினிடாடில் மின்னோட்டத்தின் அலைவு 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமே தவிர அலைவை மாற்றாது. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த கிரைண்டர் மோட்டார் அங்கே வேகம் மாறி ஓடும். வட அமெரிக்காவுக்கென்றே தமிழ்நாட்டு நிறுவனங்கள் செய்யும் 110 வோல்ட் மிக்ஸி, கிரைண்டரைக் கேட்டு வாங்கிப் போவது மேல்.

டிரினிடாடில் சொந்த இயற்கை எரிவாயு இருப்பதால் கரண்ட் மலிவு. மற்றத் தீவுகள் பல இறக்குமதி எண்ணெயை எரித்தே மின்சாரம் எடுப்பதால் கட்டணம் இந்தியாவைவிடப் பல மடங்கு. ஏ.சி.யை இரவு முழுக்க ஓட்டும் பழக்கம் உள்ளவர் அங்கே காற்று வரும் திசையில் சன்னல் உள்ள வீட்டைத் தேடுவது சிக்கனம்.

தண்ணீரும் தாராளம் இல்லை. ஆன்டிகுவா பெருமளவு கடல்நீரைக் குடிநீராக்கியே வாழ்கிறது. ஆறில்லாத சிறு தீவுகளில் கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்த்தே குடும்பம் நடக்கிறது. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் சட்டக் கட்டாயமானதால் அந்த அமைப்பு நம்மவர்களுக்குப் புதிதல்ல. தொட்டியை ஆண்டுதோறும் கழுவிக் குளோரின் போடும் பொறுப்பு மட்டும் கூடுதல்.

சாப்பாடு

தீவுகள் உணவின் பெரும்பகுதியை இறக்குமதி செய்கின்றன. இறக்குமதியைக் கால் பங்கு குறைப்பதென்று கரீபியன் நாடுகளின் 'காரிகாம்' கூட்டமைப்பு 2025க்கு வைத்த இலக்கு 2030க்குத் தள்ளிப்போனது. அதனால் கடையில் விற்கும் ஆப்பிளும் பாலும் விலை கூடுதல். உள்ளூரில் விளைவதை வாங்கப் பழகியவரின் செலவு குறையும்.

அந்த விளைச்சலில் பலவும் சேலத்துக்காரருக்குத் தெரிந்தவை. ஜவ்வரிசிக்குப் பெயர்போன சேலத்தின் மரவள்ளிக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். தீவுகளில் அது அன்றாட உணவு. சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, பச்சைத் துவரை, வாழை, மாம்பழம், தேங்காய், பூசணி எல்லாம் சந்தையில் கிடைக்கும். நம்மூரில் கறிப்பலா, ஈரப்பலா என்று சொல்லும் காய் அங்கே முக்கிய உணவு. பசிபிக்கிலிருந்து 1793இல் கப்பலில் கொண்டுவந்து நட்டது. டிரினிடாடில் அரிசி, பருப்பு, மஞ்சள், கறிவேப்பிலை வரை எளிதாகக் கிடைக்கும். சிறு தீவுகளில் உளுந்து, இட்லி அரிசி, புளி, பெருங்காயம் கிடைப்பது நிச்சயமில்லை. பொடி வகைகளையும் பருப்பையும் பொட்டலத்தில் அடைத்து, பெயர் எழுதி, சுங்கத்தில் சொல்லி எடுத்துப் போகலாம். செடி, விதை, பழம், இறைச்சிப் பண்டம் ஆகியவற்றுக்கு வேளாண் தடுப்பு விதிகள் கடுமை. கறிவேப்பிலைக் கன்றைப் பையில் வைத்துக்கொண்டு போகக் கூடாது.

உடம்பும் பாதுகாப்பும்

சளி, காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குத் தீவு மருத்துவமனைகள் போதும். பார்படோஸின் குயின் எலிசபெத் மருத்துவமனையும் டிரினிடாட், ஜமைக்காவின் பெரிய மருத்துவமனைகளும் பல சிறப்புச் சிகிச்சைகளை அளிக்கின்றன. சிறு தீவில் மாரடைப்போ தலைக்காயமோ என்றால் விமான ஆம்புலன்ஸில் வேறு நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதன் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடக்கூடியது. ஊரில் எடுத்த மருத்துவக் காப்பீடு பொதுவாக இந்தியாவுக்குள்தான் செல்லும். பயணக் காப்பீட்டில் எத்தனை நாள் வரை, ஏற்கெனவே உள்ள நோய்க்கு உண்டா, வேறு நாட்டுக்கு எடுத்துச்செல்லும் செலவு சேருமா என்ற மூன்று வரிகளையும் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய பெற்றோரை அழைக்கும் பிள்ளைகள் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

டெங்கு அங்கும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் பற்றி ஒரு விதி மிக முக்கியம். டிரினிடாட் மஞ்சள் காய்ச்சல் அபாயப் பட்டியலில் இருப்பதால், அங்கிருந்து இந்தியா திரும்புகிறவர் தடுப்பூசிச் சான்றைக் காட்ட வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். சான்று இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். முதியவர்கள் ஊசிக்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பும் தீவுக்குத் தீவு வேறு. வன்முறைக் குற்றங்கள் பெருகியதால் டிரினிடாடில் 2024 டிசம்பர் 30 அன்றும் 2025 ஜூலையிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அக்கம்பக்கத்தை விசாரித்தே வீடு பிடிக்க வேண்டும். போர்ட் ஆஃப் ஸ்பெயினிலும் கிங்ஸ்டனிலும் இந்தியத் தூதரகங்கள் உள்ளன. போய் இறங்கியதும் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவைத்தால் புயலிலும் அவசரத்திலும் உதவும்.

பணமும் நாள் கணக்கும்

பார்படோஸ் டாலர் இரண்டு கொடுத்தால் ஓர் அமெரிக்க டாலர். இந்த விகிதம் 1975 முதல் மாறவில்லை. கிரெனடா, செயின்ட் லூசியா உள்ளிட்ட நாடுகளின் கிழக்குக் கரீபியன் டாலர் 1976 முதல் 2.70க்கு ஓர் அமெரிக்க டாலர். டிரினிடாடில் அமெரிக்க டாலருக்குத் தட்டுப்பாடு நீடிக்கிறது. விருந்தினராகப் போகிறவருக்கு வங்கிக் கணக்கு எளிதில் கிடைப்பதில்லை. சொந்த ஊர் வங்கியின் அறிமுகக் கடிதம், முகவரிச் சான்று, வருமான ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். 2025 ஜூலையில் டிரினிடாட் யு.பி.ஐ. முறையை ஏற்ற முதல் கரீபியன் நாடானது. ஆனாலும் கையில் கார்டும் கொஞ்சம் டாலர் நோட்டும் இல்லாமல் கிளம்பக் கூடாது.

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய உச்ச வரம்பு 2,50,000 அமெரிக்க டாலர். 2025 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, வாழ்க்கைச் செலவு, வீடு வாங்குதல் போன்றவற்றுக்கு ஆண்டில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால் மேற்பட்ட தொகையில் 20 சதவீதத்தை வங்கி முன்வரியாகப் பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

வருமான வரியில் எல்லாம் நாள் கணக்கு. ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் அவர் இந்தியாவில் வசிப்பவர். புயல் பருவத்தைத் தவிர்த்து ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஊரில் இருப்பவரின் நாள்களைக் கூட்டினால் 183 வருகிறது. வானிலைக்கு ஒத்துவரும் அந்த ஏற்பாடு ஒரு நாள் வித்தியாசத்தில் வரிக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. குறைத்துக்கொண்டாலும் தப்ப முடியாது. 60 நாள் இருந்து, முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இருந்திருந்தாலும் வசிப்பவர்தான். வெளிநாட்டில் வாழ்ந்து ஊரைப் பார்க்க வரும் இந்தியக் குடிமகனுக்கு இந்த 60 நாள் 182 ஆக நீளும். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் 120 மட்டுமே. 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்தக் கணக்கு தொடர்கிறது.

ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ் போன்ற நாடுகளில் தனிநபர் வருமான வரி இல்லை. அதனால் வரியே கட்ட வேண்டாம் என்று எண்ணுவது தவறு. இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் இருந்து, வேறெந்த நாட்டிலும் வரி கட்டும் கடமை இல்லாத இந்தியக் குடிமகனை இந்தியாவில் வசிப்பவராகவே சட்டம் கருதுகிறது. ஊர்க் குடும்பத்தோடு ஆண்டுதோறும் ஐந்தாறு மாதம் இருப்பவர் தம்மை வசிப்பவராகவே வைத்துக்கொண்டு, தீவு வங்கிக் கணக்கையும் வீட்டையும் வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்டிவிடுவது பாதுகாப்பு. மறைத்தால் 2015 கறுப்புப் பணச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். அந்நியச் செலாவணிச் சட்டத்தில் வசிப்பவர் என்பதற்கு இலக்கணம் வேறு. வேலைக்காகவோ காலவரையின்றியோ போனவர் ஊர் வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஒரு தணிக்கையாளரிடம் பாஸ்போர்ட் முத்திரைகளை ஆண்டுதோறும் காட்டிக் கேட்டுக்கொள்வதே வழி.

இரண்டாம் பாஸ்போர்ட்

செயின்ட் கிட்ஸ் 1984இல் தொடங்கிய முதலீட்டுக் குடியுரிமைத் திட்டம் இன்று ஐந்து கிழக்குக் கரீபியன் நாடுகளில் உள்ளது. 2024இல் செய்த உடன்பாட்டின்படி குறைந்தபட்சத் தொகை இரண்டு லட்சம் அமெரிக்க டாலர் அளவுக்கு உயர்ந்தது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற நொடியே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். பிறகு ஓ.சி.ஐ. அட்டை வாங்கி வந்துபோகலாம். வாக்களிக்க முடியாது, அரசுப் பணி கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஊரோடு பாதி வாழ்க்கை வேண்டும் என்பவருக்கு இது ஏற்ற வழி அல்ல.

ஊரில் விட்டுச் செல்வது

வெளிநாடு வாழ் இந்தியராகிவிட்டவர் முன்பே வாங்கிய விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கக் கூடாது. சேலம் பக்கம் மனை விலை ஏறும்போது காடு வாங்கிப் போடலாம் என்று நினைக்கும் குடும்பம், வாங்குபவர் அந்த நாளில் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலத்தைப் பார்த்துக்கொள்ள உறவினருக்குப் பவர் பத்திரம் எழுதுவது வழக்கம். ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் போவது எளிது. தீவிலிருந்து எழுதினால் தூதரகச் சான்றோ நோட்டரியின் சான்றோ பெற்று, பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காமல், வரி கட்டவும் வழக்கு நடத்தவும் குத்தகை விடவும் மட்டும் அதிகாரம் தருவது உறவும் நிலமும் இரண்டும் நிலைக்க உதவும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் அவ்வப்போது பார்த்துக்கொண்டால் தெரியாமல் நடக்கும் பதிவு உடனே தெரிந்துவிடும்.

வங்கி, மின் வாரியம், வரித்துறை எல்லாம் ஓ.டி.பி.யை இந்தியக் கைபேசி எண்ணுக்கே அனுப்புகின்றன. ரீசார்ஜ் இல்லாமல் எண் செத்துப்போனால் கணக்கும் பூட்டிக்கொள்ளும். ஓய்வூதியர்களுக்கு ஆண்டு நேர்காணல் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் தூதரக அதிகாரியிடம் உயிர்வாழ்வுச் சான்று வாங்கி அனுப்பலாம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட வேளையில் பூட்டிய வீட்டுக்காரரின் பெயர் விடுபடாமல் பார்க்க அக்கம்பக்கத்தில் ஒருவர் வேண்டும். பாதி ஆண்டு வாழ்க்கைக்கு ஊரில் நம்பகமான அந்த ஒருவர் பாஸ்போர்ட்டுக்கு அடுத்த தேவை.

கடைசியாக உயில். நிலமும் வீடும் எந்த நாட்டில் இருக்கின்றனவோ அந்த நாட்டுச் சட்டப்படியே வாரிசுக்குப் போகும். தீவில் சொத்து வைத்திருப்பவர் அங்கே ஓர் உயிலும், சேலத்துச் சொத்துக்கு இங்கே ஓர் உயிலும் எழுதி, ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாதபடி வாசகத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். வங்கிக் கணக்குகளில் நியமனதாரர் பெயர் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இறப்பு நேர்ந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டுமா, அங்கேயே தகனம் செய்யலாமா என்ற விருப்பத்தையும் குடும்பத்தாரிடம் எழுத்தில் சொல்லிவைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தில் தொலைபேசியில் முடிவெடுக்கும் சுமையைப் பிள்ளைகள் மேல் வைக்கக் கூடாது.